சுத்தக்காற்றுக்காரர்

வெளிநாட்டுக்குப் போய்த் தங்கியவர்களில் பல வகை உண்டு. சாப்பாடு சரியில்லை, குளிர் சரியில்லை, மனுஷர்கள் சரியில்லை என்று புலம்பிக்கொண்டே அங்கேயே பேரன் பேத்தி எடுத்துவிடுகிறவர் ஒரு வகை. விமானச் சக்கரம் தரையைத் தொட்ட நொடியிலிருந்து, பிறந்த ஊரில் எதுவுமே சரியில்லை என்று கண்டுகொண்டவர் இன்னொரு வகை. இந்த இரண்டு பேரையும் உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஒருவர் உங்கள் பெரியப்பாவாகவும் மற்றவர் சித்தப்பாவாகவும்கூட இருக்கலாம். இங்கே சொல்ல வந்தது மூன்றாவது வகை.

இவர் கடல் தாண்டியது போதாதென்று, போன நாட்டின் நகரத்தையும் தாண்டி, நகரத்தின் ஓரத்தையும் தாண்டி, பஸ் திரும்புகிற இடத்தையும் தாண்டி, தார் ரோடே 'இதற்குமேல் உன் பாடு' என்று கைவிரித்துவிட்டு மண்ணாகிப்போகிற இடத்தையும் தாண்டி, அதற்கும் அப்பால் ஒரு மேட்டில் வீடு பிடித்துக் குடியேறியவர். அதோடு நின்றிருந்தால் நமக்கென்ன வந்தது? நிற்க மாட்டார். பெட்டி பிரிப்பதற்கு முன்பே போனை எடுத்து, நீங்கள் வாழ்வது ஒரு வாழ்க்கையே இல்லை என்று உங்களுக்குப் புரியவைக்கத் தொடங்கிவிடுவார்.

சுத்தக்காற்றுக்காரர் என்று இந்த இனத்துக்குப் பெயர்.

அடையாளம் காண்பது சுலபம். உங்கள் போன் அடிக்கும். எடுத்தால் திரையில் முகம் இருக்காது. ஒரு மலைச்சரிவு இருக்கும். நலமா, சாப்பிட்டாயா, பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா என்கிற சம்பிரதாயம் எதுவும் இருக்காது.

"கேக்குதா?" என்று ஒரு குரல் வரும்.

"என்னது?"

"நல்லாக் கேளுங்க."

நீங்களும் அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டு, காதை ஒட்டிவைத்துக் கேட்பீர்கள்.

"ஒண்ணும் கேக்கலையே."

"அதான்!"

அந்த 'அதான்'-இல் ஒலிக்கிற வெற்றி இருக்கிறதே, நிலவில் கொடி நட்டவர்கள்கூட அவ்வளவு பெருமைப்பட்டிருக்க மாட்டார்கள். உலகத்தில் எல்லோரும் சத்தத்தைச் சொல்லத்தான் போன் செய்வார்கள். சத்தமில்லாததைச் சொல்ல வேலை மெனக்கெட்டுப் போன் செய்கிற ஒரே பிறவி இவர்தான்.

மாதிரிக்கு ஒருவரைப் பார்ப்போம். நம்முடைய இந்தக் குறிப்பிட்ட சுத்தக்காற்றுக்காரர் பிறந்து வளர்ந்தது ஒரு டயர் கடைக்கு மேலே இருந்த வீட்டில். ரப்பர் கருகும் வாசனையில்தான் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டார். மாடு என்றால் அவருக்குப் பால் பாக்கெட்டின் மேலிருக்கும் படம். வெளிநாடு வந்தும் நகரத்தில்தான் இருந்தார். லிஃப்டுகளைப் பராமரிக்கும் ஒரு கம்பெனியில் வேலை. எந்தக் கட்டடத்தில் எந்த லிஃப்ட் எந்த மாடியில் நின்றுபோயிற்று என்று திரையில் பார்த்து ஆள் அனுப்ப வேண்டும். ஒருநாள் கம்பெனி, இனி வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்றது. எந்த வீட்டிலிருந்தும் பார்க்கலாமா என்று இவர் கேட்டார். பார்க்கலாம் என்றார்கள். அந்த வாரமே விளம்பரத்தில் ஒரு படம் பார்த்தார்: ஒரு வீடு, பின்னால் ஒரு மலை, முன்னால் ஒரு வெள்ளை ஆடு. உடனே முடிவெடுத்துவிட்டார். வீடு இருந்தது. மலையும் இருந்தது. அந்த ஆட்டை மட்டும் இன்றுவரை யாரும் பார்த்ததில்லை.

இப்போது, மாடிப்படியே அதிசயமான ஓர் ஊரில் உட்கார்ந்துகொண்டு, எங்கோ இருக்கும் நகரத்து லிஃப்டுகளைக் கவனித்துக்கொள்கிறார். பதினோராவது மாடியில் மாட்டிக்கொண்டவர்கள் இவரிடம்தான் கதறுவார்கள். "பதற்றப்படாதீங்க, மூச்சை நல்லா இழுத்து விடுங்க" என்பார். பிறகு தாங்க முடியாமல், "இங்கெல்லாம் காத்து எப்படி இருக்கு தெரியுமா?" என்றும் சேர்த்துக்கொள்வார். கதவு திறந்து வெளியே வந்தவர்களில் சிலர் புகார் கொடுத்திருக்கிறார்கள்.

அவருடைய உடை மாறியது. முழங்கால் வரைக்குமான ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி வந்தது; சேறு இல்லாத நாளிலும், சில சமயம் வரவேற்பறையிலும் அதில்தான் நடமாட்டம். பேச்சும் மாறியது. 'இங்கெல்லாம்' என்று தொடங்கி 'உங்க பக்கம்' என்று முடிகிற வாக்கியங்கள் தவிர வேறு எதுவும் வாயிலிருந்து விழுவதில்லை. இங்கெல்லாம் யாரும் கதவைப் பூட்டுறதில்ல, உங்க பக்கம் மாதிரியா. (பூட்டுவார். மறுபடியும் போய் இழுத்தும் பார்ப்பார்.) இங்கெல்லாம் நேரம்னு ஒண்ணே கிடையாது, உங்க பக்கம் மாதிரியா. (காலையில் கம்பெனிக் கூட்டத்துக்கு ஒரு நிமிஷம் தாமதமானால் வேர்த்துக் கொட்டும்.) தோட்டத்தில் காய்த்த ஒரே தக்காளி, முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் பனித்துளியோடும் பனித்துளி இல்லாமலும் உறவினர் அத்தனை பேருடைய போனுக்கும் வந்து சேர்ந்தது. அது பறிக்கப்பட்ட செய்தி வந்தபோது சிலர் நிம்மதியாக மூச்சுவிட்டார்கள்.

ஆனால் அவர் ஒருபோதும் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. அந்த வீட்டுக்கு வருகிற இணைய இணைப்பு, கம்பெனிக் கம்ப்யூட்டரைத் தூக்கி நிறுத்தவே முக்கி முனகும். செல்போனுக்கு சிக்னல் என்பது மாடியில் பாத்ரூம் ஜன்னலோரத்தில் மட்டுமே கிடைக்கும், அதுவும் குளியல் தொட்டியின் விளிம்பில் ஏறி நின்றால். ஆக, உலகத்துக்கு அவர் வழங்கிய அத்தனை நிசப்தமும் பாத்ரூமிலிருந்துதான் ஒலிபரப்பானது.

வெளியே மனைவி தோளில் துண்டோடு நிற்பாள்.

"என்னங்க, அமைதி முடிஞ்சுதா? நான் குளிச்சுட்டு வேலைக்குப் போகணும்."

மனைவிக்கு வேலை, மேட்டிலிருந்து இறங்கிக் காரில் வெகுதூரம் போனால் வருகிற சின்ன டவுனில், கால்நடை ஆஸ்பத்திரியின் முன் கவுண்டரில். பாதத்தில் முள் ஏறிய நாய், பின்சீட்டில் படுத்தபடி வரும் கன்றுக்குட்டி, யாரையும் கடிக்காது என்று சத்தியம் செய்யப்பட்டு எல்லோரையும் கடிக்கும் கிளி, இவற்றையும் இவற்றின் உரிமையாளர்களையும் உட்காரவைத்துச் சமாதானம் சொல்வது அவள் பொறுப்பு. அக்கம்பக்கத்தில் யாருக்கு எந்தப் பிராணி, எதற்கு எங்கே வலி என்று அவளுக்கு அத்துப்படி. கணவருக்கோ அந்த வட்டாரத்தில் ஒருவரையும் தெரியாது. தபால் வண்டி வந்தால் பூட்ஸைச் சரியாக மாட்டாமலே ஓடுவார். தபால்காரர் எஞ்சினை நிறுத்தாமலே கவரை நீட்டிவிட்டுப் போய்விடுவார். ஒருமுறை, ஏதோ விற்பதற்காகப் போன் செய்த பெண்ணிடம் இவர் மழையைப் பற்றி, மண்ணைப் பற்றி, மண்புழுவைப் பற்றிப் பேசிக்கொண்டே போக, கடைசியில் அவள்தான் "சார், எனக்கு மற்ற அழைப்புகளும் இருக்கு" என்று வைத்தாள். விற்க வந்தவள் தப்பித்து ஓடிய சம்பவம் அந்தத் தொழிலின் வரலாற்றிலேயே வேறு உண்டா என்று தெரியவில்லை.

இத்தனைக்கும் நடுவில் ஒரே ஒரு சங்கடம். யாராவது மனைவியிடம், "ஊர் நல்லா இருக்கா?" என்று கேட்டால், அவள், "இருக்கு" என்பாள். அவ்வளவுதான். அந்த ஒற்றைச் சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்குப் பிடிபடவில்லை. பிடிக்காமல்தான் சொல்கிறாளோ? என்றைக்காவது பெட்டியைக் கட்டுவாளோ? இந்தப் பயத்தை அவர் வெளியே சொல்லவில்லை. இன்னொரு போன் செய்தார்.

அவருடைய போன்களுக்கெல்லாம் முக்கிய இலக்கு ஒருவர்: சகலை. மனைவியின் தங்கை புருஷன். 'சுத்தக்காற்றுக்காரர்' என்று பெயர் வைத்தவரும் இவரேதான். அதே நாட்டில், நகரத்தில், பஸ் டெப்போவுக்கு நேர் மேலே ஒரு வீட்டில் இருப்பவர். ரொட்டி ஃபாக்டரியில் மேற்பார்வை வேலை. முதலில் கிண்டல்தான் செய்தார். ஆனால் ஒவ்வொரு வாரமும் காதில் நிசப்தத்தை ஊற்றினால் எவருக்குத்தான் மனம் கரையாது? பஸ்கள் பின்னால் எடுக்கும்போது போடுகிற 'பீப் பீப்' அவருக்கு முதல்முறையாகக் கேட்கத் தொடங்கியது. அப்புறம் அது நிற்கவே இல்லை. வளைவுக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு காலியாக இருக்கிறது என்று நம்மவர் சொன்னதும், "வந்து பாக்குறோம் சகல. பிடிச்சிருந்தா வேலையை விட்டுடலாம்னு இருக்கேன்" என்றார்.

வருகிற சனிக்கிழமை வருகிறார்கள்! நம்மவருக்குக் கை கால் ஓடவில்லை. சகலை மட்டும் வந்துவிட்டால், சாயங்காலம் போய் உட்கார ஒரு வீடு; 'என்ன சகல' என்று கூப்பிட ஒரு வாய். இதைச் சொன்னாரா? மூச்! சகலையின் நுரையீரலைக் காப்பாற்றத்தான் இந்தப் பாடு என்றார்.

வெள்ளிக்கிழமையே மனைவிக்கு ஒத்திகை நடந்தது.

"உன் தங்கச்சி கேட்டா 'இருக்கு'ன்னு மொட்டையாச் சொல்லாத. கொஞ்சம் நீட்டிச் சொல்லு."

"எவ்வளவு நீட்டணும்?"

"ரெண்டு மூணு வாக்கியம். நடுவுல சிரி."

"முதல் வாக்கியத்துக்கு அப்புறமா, ரெண்டாவதுக்கு அப்புறமா?"

அவள் கேலி செய்கிறாளா, நிஜமாகவே கேட்கிறாளா என்று தெரியாமல் அவர் பூட்ஸைத் துடைக்கப் போய்விட்டார்.

சனிக்கிழமை நல்ல கோடை வெயில். வந்தவர்கள் காரிலிருந்து இறங்கியதும், வாங்க என்று சொல்வதற்கு முன்பே அவர் ஒரு விரலை உயர்த்தினார்.

"கேக்குதா?"

"சகல, முதல்ல பாத்ரூம் எங்க இருக்குன்னு சொல்லுங்க" என்றார் சகலை.

தங்கை தோள்பையை மாட்டியபடியே சுற்றும் முற்றும் பார்த்தாள். "மாமா, கடை எங்க இருக்கு?"

"கடையா? எதுக்கும்மா கடை?"

"பால் வாங்க."

"மாடே இருக்கு!" என்று அவர் மலையைக் காட்டினார். மலையில் மாடுகள் இருந்தன, அவை வேறொருவருடையவை. பால் மனைவி டவுனிலிருந்து பாட்டிலில் வாங்கி வருவது.

அந்த வேறொருவரைப் பற்றி இப்போது சொல்லியாக வேண்டும். பக்கத்து நிலத்துக்காரர். பழைய வண்டியில் போகும்போது, எதிரே வருகிற யாராக இருந்தாலும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்குவார். அதுதான் அந்தப் பாதையில் வணக்கம். வந்த புதிதில் நம்மவருக்கும் அந்த விரல் கிடைத்தது. அப்புறம் திடீரென்று நின்றுபோயிற்று. விரல் ஸ்டியரிங்கோடு ஒட்டிக்கொண்டதுபோல் மனிதர் நேராகப் பார்த்துக்கொண்டு போவார். உறவினர்களிடம் இவர் இதை, "எங்களுக்குள்ள வார்த்தையே தேவையில்ல, பார்வையிலேயே பேசிக்குவோம்" என்று விளக்கியிருந்தார்.

அந்த நாட்களிலேயே இவருக்கு ஒரு பொக்கிஷமும் கிடைத்தது. ஒரு பகல் முழுக்க மலைச்சரிவில் மாடுகள் எல்லாம் வேலியோரம் கூடி நின்று, கழுத்தை நீட்டி, ஒன்று மாற்றி ஒன்று குரலெழுப்பின. என்ன நாதம்! தொட்டி விளிம்பில் ஏறி நின்று பதிவு செய்து, 'இயற்கையின் கச்சேரி' என்று தலைப்பிட்டு எல்லோருக்கும் அனுப்பினார். தன் போனுக்கு ரிங்டோனாகவும் வைத்துக்கொண்டார்.

சாப்பாட்டுக்கு முன் ஒரு நடை போய்வரலாம் என்று சகலையை அழைத்துக்கொண்டு கிளம்பினார். அக்காவும் தங்கையும் வீட்டில் தங்கிவிட்டார்கள். மேட்டில் ஏறும்போது இவர் கற்பித்துக்கொண்டே போனார்: அது இன்ன மரம் (இல்லை), இது இன்ன பறவை (காகம்), காற்று மேற்கிலிருந்து வருகிறது, அதனால் மழை வராது. சகலைக்கு மூச்சு வாங்கியதால் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

உச்சிக்குப் பக்கத்தில், மேல் புல்வெளிக்கும் கீழ் புல்வெளிக்கும் நடுவே ஓர் இரும்புக் கேட். அது அகலத் திறந்து கிடந்தது.

"பாத்தீங்களா?" என்று இவர் உச்சுக்கொட்டினார். "யாரோ டவுன்காரங்க வேலை. கிராமத்துல முதல் பாடம் என்ன தெரியுமா சகல? கேட்டை மூடணும்."

இழுத்து மூடினார். கொக்கி தளர்ந்திருந்தது, நிற்கவில்லை. விட்டுவிடுவாரா? இடுப்பிலிருந்த பெல்ட்டை உருவினார். கம்பியையும் தூணையும் சேர்த்து வளைத்து, இறுக்கி, பக்கிளைப் போட்டார்.

"மாடு தப்பிச்சுப் போயிட்டா பாவம், அந்த மனுஷன் என்ன பண்ணுவார்?" என்றார், ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு. சகலையின் கண்ணில் உண்மையாகவே மரியாதை தெரிந்தது. அந்த ஒரு பார்வைக்காக இன்னொரு பெல்ட்டையும் கொடுத்திருப்பார்.

சாப்பிட்டு முடித்துத் தேநீருக்கு உட்கார்ந்தபோது ஆரம்பித்தது. முதலில் ஒன்று. பிறகு இரண்டு. பிறகு மொத்த மந்தையும்.

"ஆஹா!" என்று நம்மவர் எழுந்தார். ஒரு கை இடுப்பில். "கச்சேரி! உங்களுக்குன்னே பாடுது சகல. உங்க பக்கம் கிடைக்குமா இதெல்லாம்?"

"சகல, உங்க போன் அடிக்குது" என்றார் சகலை.

"போன் இல்ல, மாடு."

"அப்போ வந்ததும் பாத்ரூம்ல நான் மாடுன்னு நினைச்சது?"

"அது போன்."

மனைவி கோப்பையைக் கீழே வைத்தாள். மெதுவாகத்தான் கேட்டாள்.

"என்னங்க, மேல இருக்கிற கேட்டை மூடினீங்களா?"

"திறந்து கிடந்துது. மூடினேன். பெல்ட் போட்டு."

அவள் எழுந்தாள். கதவருகே போய், அவர் பூட்ஸையே காலில் மாட்டினாள். அவள் வாசலைத் தாண்டுவதற்குள் பழைய வண்டி ஒன்று சரிவில் இறங்கி வந்து வீட்டின் முன்னால் நின்றது. பக்கத்து நிலத்துக்காரர் இறங்கினார். கையில் பெல்ட்.

மனைவியைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. அந்த ஊர் மொழியில் அவர் சொன்னதை நம் மொழிக்குக் கொண்டுவந்தால் இப்படி வரும்:

"அம்மா, இது உங்க வீட்டுதுதானே? தண்ணித் தொட்டி கீழ் வெளியில இருக்கு. மாடு மேல் வெளியில இருக்கு. கேட்டை மூடிட்டா அதுங்க எங்க போய்க் குடிக்கும்? நேரத்தோட திறந்துட்டேன், இப்ப குடிச்சுட்டிருக்குதுங்க." பிறகு நம்மவர் பக்கம் திரும்பி, குழந்தைக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: "திறந்திருந்தா திறந்தே விடுங்க. மூடியிருந்தா மூடிட்டுப் போங்க. அவ்வளவுதான்."

நம்மவருக்கு மெல்ல மெல்ல உறைத்தது.

"அப்போ... அன்னைக்கு, அந்தக் கச்சேரி..."

"தாகம்" என்றாள் மனைவி. "அன்னைக்கும் நீங்கதான் மூடியிருந்தீங்க. உங்க கம்பெனி ஐடி கார்டு நாடாவால கட்டியிருந்தீங்க. இவர் அதை ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்து என்கிட்ட கொடுத்தார்."

"உனக்குத் தெரியுமா? ஏன் சொல்லல?"

"சொல்லலாம்னுதான் வீட்டுக்கு வந்தேன். அதுக்குள்ள நீங்க அதை ரிங்டோனா வச்சுட்டீங்க. அப்புறம் எப்படிச் சொல்ல?"

சகலை சிரிக்காமல் இருக்கத் தேநீரைக் குடித்தார். தேநீர் மூக்கு வழியாக வந்தது. தங்கை அவர் முதுகில் தட்டினாள். தட்டியபடியே அவளும் சிரித்தாள்.

மனைவி பக்கத்து நிலத்துக்காரரை உள்ளே கூப்பிட்டாள். பேச்சே தேவையில்லாத அந்த மனிதர் உட்கார்ந்தார், ஒரு கோப்பையைக் கையில் எடுத்தார், பேசத் தொடங்கினார். முழங்கால் வலி, மச்சினனோடு தகராறு, மாட்டுக் கொட்டகையில் ரேடியோ வைத்திருக்கும் காரணம் ("மாட்டுக்கா? எனக்குத்தான். இந்த ஊர்ல பைத்தியம் பிடிச்சுடும்"), அரசாங்கம், மழை, மறுபடியும் முழங்கால். சகலை பஸ் டெப்போவுக்கு மேலே குடியிருக்கிறார் என்று கேள்விப்பட்டதும் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஜன்னலைத் திறந்தாலே பஸ்ஸா? ஆளுங்களும் தெரிவாங்களா? கொடுத்து வச்சவர்யா நீங்க!"

இரண்டுமுறை நம்மவர் வாயைத் திறந்து பார்த்தார். இடைவெளி கிடைக்கவில்லை. பெல்ட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். மானத்தோடு இடுப்பில் மாட்ட ஓர் இடம் வேண்டுமே. பாத்ரூமுக்குள் நுழைந்து பழக்கதோஷத்தில் தொட்டி விளிம்பில் ஏறினார். ஜன்னல் திறந்திருந்தது. அதற்கு நேர் கீழே சமையலறைப் பின்வாசல். அக்காவும் தங்கையும் அங்கே நின்றிருந்தார்கள்.

"அக்கா, மறைக்காமச் சொல்லு. இங்க நல்லா இருக்கா?"

பெல்ட் பாதி இடுப்பில் நின்றது.

"இருக்கு" என்றாள் மனைவி. இம்முறை அதோடு நிற்கவில்லை. "முதல் குளிர்காலம் ரொம்பக் கஷ்டம். விறகு எரியாது, புகையும். தினம் அழுதேன். அப்புறம் வேலை கிடைச்சுது. இப்போ ரோட்டுல போனா நாயெல்லாம் என்னைப் பாத்து வாலாட்டுது, அதோட ஆளுங்களும் நின்னு பேசுறாங்க. எனக்குப் பிடிச்சுப்போச்சு. அவருக்குத்தான் பிடிக்கல."

"மாமாவுக்கா? வாரம் தவறாம எங்களைக் கொல்றாரே!"

"அதான் சொல்றேன். பிடிச்சவங்க எதுக்கு இத்தனை போன் பண்ணணும்? அவருக்குப் பேச ஆள் இல்ல. கேட்டா ஒத்துக்க மாட்டார்."

"அப்போ நாங்க வரலாமா, வேண்டாமா?"

"நீ வந்தா எனக்கு வேற என்ன வேணும்? ஆனா ஒண்ணு. அவர் சொல்ற ஊருக்கு வர்றதா இருந்தா வராத. அப்படி ஒரு ஊர் இல்ல. இந்த ஊருக்கு வர்றதா இருந்தா வா."

சொன்னபடி இரண்டு மூன்று வாக்கியத்துக்கு மேலேயே அவள் நீட்டியிருந்தாள். சிரிக்க மட்டும் மறந்துவிட்டாள். மேலே, நிசப்தத்தின் விற்பனைப் பிரதிநிதி தொட்டி விளிம்பில் பெல்ட்டோடு நின்றார். அந்த ஜன்னலிலிருந்து அவர் முதல்முறையாக ஒன்றும் பேசவில்லை. சிக்னல் முழுசாக இருந்தது.

கிளம்பும் நேரம் வந்தது. பக்கத்து நிலத்துக்காரர் இன்னும் உள்ளே, காலி நாற்காலியிடம் முழங்காலைக் காட்டிக்கொண்டிருந்தார். காரின் கதவைப் பிடித்தபடி சகலை கேட்டார்.

"சகல, விளையாட்டு இல்ல. திங்கட்கிழமை ஃபாக்டரிக்குப் பதில் சொல்லணும். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. வரலாமா?"

இதற்காகத்தான் அத்தனை போன், அத்தனை நிசப்தம், அத்தனை தக்காளி. 'வாங்க' என்று சொன்னால் போதும். சாயங்காலம் போய் உட்கார வீடு ரெடி.

"காத்து..." என்று தொடங்கினார். பழைய பாட்டைப் பாடுவதற்காக வாய் தானாகத் திறந்துகொண்டது. சமையலறை ஜன்னலில் மனைவி தெரிந்தாள். வாய் மூடிக்கொண்டது.

"காத்து ஓட்டை வழியா வீட்டுக்குள்ள வரும்" என்றார். "குளிர்காலத்துல விறகு எரியாது. கடைக்குப் போறதே ஒரு பயணம். மாடு பாடாது. அப்புறம்..." பெல்ட்டை ஒருமுறை இழுத்துவிட்டுக்கொண்டார். "எனக்கு இங்க பேச ஆள் கிடையாது சகல. அதுக்காக நீங்க வேலையை விடக் கூடாது. ஆனா வந்தா நல்லா இருக்கும்."

சகலை அவரை விசித்திரமாகப் பார்த்தார். "இதை முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாமே! இத்தனை மாசம் ஒண்ணுமில்லாததைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது வலியே வந்துடுச்சு."

கார் மண்பாதையில் இறங்கி மறைந்தது. என்ன முடிவு என்று தெரியாமல் நம்மவர் வெகுநேரம் வாசலில் நின்றார். அவருக்குப் பின்னால், பக்கத்து நிலத்துக்காரர் வண்டியைக் கிளப்பி, போகிற போக்கில் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கினார். பதிலுக்கு இவர் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார். பெல்ட் இருந்ததால் ஆபத்தில்லை.

சகலை குடும்பம் வந்ததா என்றுதானே கேட்கிறீர்கள்? வந்தது. முன்கூட்டியே உண்மை தெரிந்துவிட்டதால் வந்தார்கள். டவுனிலேயே ஒரு ரொட்டிக் கடையில் வேலையும் பிடித்துக்கொண்டார் சகலை. முதல் சில வாரம் நன்றாகத்தான் போயிற்று. குளிரைத் திட்டினார், விறகைத் திட்டினார், நம்மவரையும் திட்டினார். ஆரோக்கியமான மனுஷன்.

ஒருநாள் காலையில் நம்மவர் தோளில் துண்டோடு பாத்ரூமுக்குப் போனால் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. மனைவி ஏற்கெனவே வெளியே நின்றிருந்தாள்.

"யாரு உள்ள?"

"உங்க சகலைதான். அவர் வீட்டுல எந்த மூலையிலும் சிக்னல் இல்லையாம். ஊர்ல இருக்கிற அவர் அண்ணனோட பேசணும்னு வந்தார்."

தொட்டி விளிம்பு கிறீச்சிட்டது. பிறகு உள்ளேயிருந்து, ஜன்னல் பக்கமாகத் திரும்பிய ஒரு குரல்:

"அண்ணே, கேக்குதா? நல்லாக் கேளுங்க!"

நம்மவர் கதவைத் தட்டக் கையை ஓங்கினார். தட்டவில்லை. தனக்குத் தெரிந்த வியாதி, தட்டினால் போகாது. பூட்ஸை மாட்டிக்கொண்டு பக்கத்து நிலத்துக்காரரின் முழங்காலைப் பற்றி விசாரிக்கப் புறப்பட்டார். திறந்து கிடந்த கேட்டைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போனார். ரிங்டோனை அவர் இன்னும் மாற்றவில்லை. ஆனால் இப்போதெல்லாம் அது அடித்தால், முதலில் மலையைப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் போனை எடுக்கிறார்.

இவ்வளவையும் படித்துவிட்டு நீங்கள் வாய்விட்டுச் சிரித்திருப்பீர்கள். நமக்கு மலையும் இல்லை, மாடும் இல்லை, பாத்ரூமில் சிக்னலுக்குப் பஞ்சமும் இல்லை என்ற தைரியம். நல்லது. ஆனால் புது வீட்டுக்குக் குடிபோன வாரம், 'குழாயைத் திறந்தா தண்ணி கொட்டுது பாருங்க' என்று வீடியோ எடுத்து அனுப்பியது யார்? காலை நடை தொடங்கிய மூன்றாம் நாளே, தூங்கிக்கொண்டிருந்த நண்பருக்குச் சூரியோதயத்தை அனுப்பியது யார்? வேலை மாறியவர், ஊர் மாறியவர், வைத்தியம் மாறியவர், கல்யாணம் ஆனவர் எல்லோரும் 'நீயும் வாயேன்' என்று கூப்பிடுகிறார்களே, நம் நன்மைக்காகவா?

ஒரு சின்னச் சோதனை. கடைசியாக நீங்கள் யாருக்குப் போன் செய்து, "ரொம்ப நல்லா இருக்கு, உங்களுக்குத்தான் புரியல" என்றீர்கள்? சொல்லிவிட்டு, எதிர்முனையிலிருந்து பதில் வருகிறதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றீர்கள்?

எதில் ஏறி நின்றீர்கள் என்றும் கொஞ்சம் குனிந்து பார்த்துக்கொள்ளுங்கள்.